ராஜலிங்கம் தாராக்குஞ்சைக் குளத்தில் இறக்கிய வரலாறு

மாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்து அகழியாய்க் காக்க, நான்காம் பக்கம் ஹந்தானை மலை முகில் போர்த்துத் துயில, நடுவே கண்டி மாநகரம் பஸ் ஹோர்ன்களின் பள்ளியெழுச்சி கேட்டுக் கண்விழிக்கும் நாட்டிலே, கட்டுகஸ்தோட்டைப் பஸ் தரிப்பிடத்தின் காலக்காவலனாய், கறுத்த விசிலைக் கழுத்திலே அணியாய் அணிந்தோனாய், அக்குறணைக்கும் மாத்தளைக்கும் வத்தேகமைக்கும் விரையும் வண்டிகளை ஒற்றை ஊதலால் ஓடவைத்தும் ஒற்றை முறைப்பால் நிற்கவைத்தும் ஆண்டுவந்த மாவீரன், கறுப்பையா மைந்தன் ராஜலிங்கம் வாழ்க. அவன் வலக்கை வாழ்க. இடக்கை திருந்தி வாழ்க. இரண்டுக்கும் நடுவே அகப்பட்டு அல்லலுற்ற அவன் மனைவி பரிமளத்தின் காதுகள் எல்லாவற்றையும் விட நெடுங்காலம் வாழ்க.

காவியம் தொடங்குமுன் காப்புச் சொல்வது மரபு. ஆகவே, மலையுச்சிக் கோபுரத்தில் வீற்றிருந்து மழையில் மறைந்தும் வெயிலில் தோன்றியும் விளையாடும் சிக்னலே, நடுவழியில் எம்மைக் கைவிடாதே. வட்டமாய்ச் சுழன்று சுழன்று பக்தர்களைச் சோதிக்கும் வீடியோவே, சுழன்றது போதும், ஓடு. சார்ஜர் வயரைக் கடித்துப் பார்க்கும் எலிகளே, இந்தக் கதை முடியும் வரை வேறு வீடு பாருங்கள். இதில் தலைகள் உருளவில்லை, குருதி பெருகவில்லை. உருண்டது ஒரு பால்மா டின், ஓடியது ஒரு குரங்கு. இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொள்ளலாம், நமக்குக் கோபமில்லை.

மண்ணாசையே பெரும்போர்களுக்கு மூலம் என்பர் ஆன்றோர். இந்தப் போரில் அந்த மண் ஒரு மேசை. ஹந்தானைச் சரிவில் தகரக் கூரை போட்ட அவர்கள் வீட்டின் முன்னறையில், சுவரோரமாய் அகன்று கிடந்த அந்த மேசையின் மேல், வெள்ளைப் பல்லும் கறுப்புப் பல்லும் தெரியச் சிரித்தபடி ஒரு கீபோட் பல வருடமாய்ப் படுத்திருந்தது. மகள் சிந்துஜா பள்ளிக்கூடத்தில் படிக்கையில் ஆசைப்பட்டுக் கேட்டது. பரீட்சை வந்தது, ஆசை போனது. கொழும்பில் வேலை கிடைத்தது, மகளும் போனாள். கீபோட் மட்டும் எங்கும் போகவில்லை.

பரிமளமோ பள்ளிச் சீருடை தைப்பவள். வெள்ளைத் துணியை விரித்து வெட்ட இடமில்லாமல் தரையில் பாய் போட்டுக் குனிந்து குனிந்து இடுப்பொடிந்தவள். அவளுக்கு அந்த மேசை வேண்டும். கட்டுகஸ்தோட்டையில் குடியிருக்கும் அவள் தம்பி ரவிகுமாருக்கோ ஒரு சின்ன மகள் இருந்தாள். பிள்ளைக்கு ஒரு கீபோட் இருந்தால் நல்லது என்று அவன் போகிற போக்கில் ஒருநாள் சொல்லிவைத்திருந்தான். இரண்டு தேவைகளும் ஒன்றையொன்று கண்டு கைகுலுக்கிக்கொண்டன. ஒரு மாலைப்பொழுதில், சட்டைக் கொலருக்கு ஊசி குத்தியபடியே, பரிமளம் தன் ஆணையைப் பிரகடனம் செய்தாள்.

"வர்ற மாசம் மொத ஞாயித்துக்கெழம தம்பி வந்து எடுத்துட்டுப் போகட்டும். சும்மா கெடக்குற சாமான், பிள்ளைக்காவது ஒதவும். எனக்கு மேசை வேணும்."

சோற்றில் வைத்த கையை எடுக்காமல் ராஜலிங்கம் சொன்னான். "அத நான் வாசிக்கப் போறேன்."

"எத?"

"கீபோட்ட."

பரிமளம் தொழில் தெரிந்தவள். வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டு மூடிய பிறகுதான் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். சிரித்து முடித்துக் கணவன் முகத்தைப் பார்த்தபோது அது சிரிக்கவில்லை என்று கண்டாள்; உடனே நீதி வழுவா அரசியாய் நிபந்தனைகளை வகுத்துரைத்தாள்.

"சரி. அன்னைக்குத் தம்பி முன்னால ஒரு பாட்ட முழுசா வாசிச்சுக் காட்டுங்க. நடுவுல நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்டாம வாசிச்சிட்டா மேசை ஒங்களுக்கு. நிப்பாட்டினா அவன் கட்டித் தூக்கிட்டுப் போயிருவான்."

ஏன் இந்த வீரன் இப்படியொரு வம்பை விலைக்கு வாங்கினான் என்று கேட்கலாம். அவனுக்கே அதைச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆகவே நாம் சொல்லுகிறோம். விடிந்தால் விசில், பொழுதடைந்தால் விசில். அவன் ஊதினால் யாரோ எங்கோ போகிறார்கள்; அவன் மட்டும் அதே தூணடியில் நிற்கிறான். ஒரு பஸ் போனால் அடுத்த பஸ். அது போனால் மற்றது. முடிந்தது என்று சொல்லிக் கைதட்டிவிட்டு எழும்ப அவன் வேலையில் ஒன்றுமே கிடையாது. முன்பு மகள் அந்தக் கீபோட்டில் தடவித் தடவி ஏதோ ஒரு பாட்டைத் தொடங்கி முடித்தபோது, கடைசிச் சுரத்துக்குப் பிறகு வீட்டில் ஓர் அமைதி வந்ததே, அது அவனுக்கு வேண்டியிருந்தது. நாற்பத்தெட்டு வயதில், தன் கையால் தொடங்கித் தன் கையாலேயே முடித்து வைக்கும்படி ஒன்றே ஒன்று. இதைப் போய் மனைவியிடம் எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. அதனால் சோற்றைப் பிசைந்தான்.

படைக்குக் குரு வேண்டும். தரிப்பிடத்துக்கு எதிரே போன் கடை வைத்திருக்கும் நஸீம் நானாவிடம், இரண்டு பஸ்ஸுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில், களவாய்ப் போய்க் காதோடு காதாய்க் கேட்டான் வீரன். நஸீம் நானா உலகை அறிந்தவர், எதற்கும் வியக்காதவர்.

"வெக்கப்பட ஒண்டுமில்ல, ராஜலிங்கம். இதில எல்லாம் இரிக்கி. சமைக்கிறதும் இரிக்கி, ஊடு கட்டுறதும் இரிக்கி. தமிழ்லயே படிச்சிக் குடுக்கிற டீச்சர் ஒராள் இரிக்கிறாங்க. இந்தா, பாருங்க."

அவ்வண்ணம் அலைபேசித் திரையில் அவதரித்தார் குருமணி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, ரொறொன்ரோவின் பனிக்குள் வாழ்ந்து, கடல்களுக்கு அப்பாலிருந்து கலைதரும் பிரியாந்தினி ரீச்சர். அவர் முகத்தை எந்தச் சீடனும் கண்டதில்லை. கமரா மேலிருந்து கீழே பார்ப்பதால், இரண்டு கைகள், இரண்டு மெல்லிய வளையல்கள், ஒரு குரல், இவ்வளவே குருவின் திருவுரு. ஆரம்பக்காரர்களுக்கென்று அவரே இயற்றிய பாட்டின் பெயர் 'தாராக்குஞ்சு குளிக்கப் போகுது'. தாரா என்றால் நம் வாத்துத்தான். முதற்பாதியில் குஞ்சு தத்தித் தத்திக் குளக்கரைக்கு நடக்கும். பிற்பாதியில் தண்ணீரில் குதித்து நீந்தும். வலக்கை குஞ்சு, இடக்கை தண்ணீர்.

"வணக்கம் பிள்ளையள்," என்றது குரல். "இண்டைக்கு நாங்கள் ஒரு தாராக்குஞ்சைக் குளிக்கக் கூட்டிக்கொண்டு போகப் போறம். முதுகை நிமித்தி இருங்கோ."

மீசை வைத்த பிள்ளை முதுகை நிமிர்த்தி இருந்தான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ரீச்சர் அந்த வீடியோவை ஒரே மூச்சில் எடுத்திருந்தார். வெட்டி ஒட்டுகிற வேலை அவருக்குத் தெரியாது, அல்லது நேரமில்லை. ஆதலால் குஞ்சு கரைக்கு வந்து நின்ற அந்த இடத்தில், "கொஞ்சம் பொறுங்கோ பிள்ளையள், தொண்டை காயுது. ஒரு மிடறு தண்ணி குடிச்சிட்டு வாறன்," என்று சொல்லிக் கைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். திரையில் வெறும் கட்டைகள் மட்டும் கிடக்கும். எங்கோ ஒரு கிளாஸ் வைக்கும் சத்தம் கேட்கும். பிறகு கைகள் திரும்பி வரும். "ம், வந்திட்டன். இனிக் குதிப்பம்." அதுவரைக்கும் குஞ்சு கரையில் நிற்கும், சீடனும் கைகளைக் காற்றில் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பான்.

வேலை விட்டு வந்து முகம் கழுவியதும், பால்மா டின்னில் சாய்த்துவைத்த போனின் முன்னே, போர் தினமும் மூண்டது. வலக்கைச் சேனையில் ஐவர். விசிலைப் பிடித்துப் பழகிய சுட்டுவிரலும் பெருவிரலும் சொன்ன சொல் கேட்டன. நடுவிரல் நெட்டையன், ஆனாலும் நல்லவன். மோதிரவிரலோ பிறவிச் சோம்பேறி. பக்கத்தில் சுண்டுவிரல் கூட வராமல் தனியாக ஓரடி எடுத்து வைக்க மாட்டேன் என்று அடம்பிடித்தான். குரு 'நாலாம் விரல்' என்று சொல்லும் போதெல்லாம் நாலும் ஐந்துமாய் இருவர் சேர்ந்து விழுந்தார்கள். தாராக்குஞ்சு தத்துவதற்குப் பதிலாகத் தடுக்கி விழுந்தது. ராஜலிங்கம் இடக்கையால் சுண்டுவிரலைப் பிடித்துத் தடுத்துவைத்து மோதிரவிரலைத் தனியே நடக்கப் பழக்கினான். பஸ்ஸிலும் பழக்கினான், சோற்றுத் தட்டின் விளிம்பிலும் பழக்கினான். கண்டியிலிருந்து வீடு திரும்பும் பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியில் அவன் விரல் தட்டத் தட்ட, முன்னால் இருந்த அம்மாள் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்குப் போனார்.

அடுத்தது பெருவிரற் சுரங்கம். ஐந்து விரலுக்கு ஆறாவது கட்டை எட்டாது என்பதால், மற்ற விரல்களுக்கு அடியால் பெருவிரல் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும். "பெருவிரலை அடியால விடுங்கோ, மணிக்கட்டைத் தூக்காதேங்கோ," என்றார் குரு. அவன் மணிக்கட்டைத் தூக்கினான், முழங்கையைத் தூக்கினான், நாக்கை வெளியே நீட்டினான், ஒருமுறை கதிரையிலிருந்தே எழும்பிவிட்டான். பெருவிரல் நுழையவில்லை. ஆத்திரத்தில் அவன் ஓங்கி ஒரு போடு போட, மேசை அதிர்ந்து பால்மா டின் உருண்டு, போன் குப்புற விழுந்து, குருவின் திருக்குரல் மேசைத் துணிக்குள்ளிருந்து, "வடிவா வாசிச்சியள்," என்று வாழ்த்தியது.

சமையலறையிலிருந்து பரிமளத்தின் குரல் மட்டும் வந்தது. "அந்த வாத்து இன்னும் கொளத்துக்குப் போய்ச் சேரலையா?"

ஒருவழியாய்ச் சுரங்கம் திறந்து வலக்கை கரைக்கு வந்து சேர்ந்தது. அடுத்து இடக்கையின் முறை. தனியே விட்டால் இடக்கையும் யோக்கியன்தான். இரண்டிரண்டு கட்டையாய் அமைதியாக அமுக்கும். இரண்டு கையையும் ஒன்றாகச் சேர்த்த அன்றுதான் குடும்பச் சண்டை தொடங்கியது. வலக்கை ஓடினால் இடக்கையும் அதைப் பார்த்து ஓடும். வலக்கை நின்றால் இதுவும் கும்பிட்டு நிற்கும். வலக்கை மேலே ஏற, இதுவும் மேலே ஏறி அண்ணன் வீட்டுக்குள்ளேயே நுழையும். அதற்கும் மேலே தொழிற்குற்றம் ஒன்று அவனிடம் இருந்தது. காலம் தாழ்த்துவது ராஜலிங்கத்தின் குலத்துக்கே ஆகாத காரியம். நேரமாகிவிட்டது என்று மனது விசிலடித்ததும், இடக்கை ஏறினதோ இல்லையோ என்று பாராமல் வலக்கை கிளம்பிவிடும். படியில் ஒரு கால் வைத்த பயணி போல இடக்கை பின்னாலேயே ஓடிவரும்.

இந்நிலையில்தான் வனசேனை உட்புகுந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஹந்தானைக் காட்டிலிருந்து இறங்கி வந்த குரங்கொன்று, ஜன்னல் வழியே நுழைந்து, மேசை மேலிருந்த வாழைப்பழச் சீப்பை நாடிப் பாய்ந்து, சுவிட்ச் போட்டிருந்த கீபோட்டின் மேல் இரண்டு முன்கைகளையும் ஒரே நேரத்தில் ஊன்றியது. வலப்பக்கம் ஒரு சுரம், இடப்பக்கம் ஒரு சுரம், இரண்டும் ஒன்றாய், பிசகில்லாமல். இத்தனை நாள் பயின்றும் நம் வீரனுக்குக் கைவராத வித்தையை ஒரு பாடமும் படிக்காத மிருகம் செய்துகாட்டிவிட்டுச் சீப்போடு கூரையேறிப் போயிற்று. வாசலில் நின்று அதைக் கண்ட ராஜலிங்கம் குரங்கை விரட்டவும் மறந்தான். அன்றைக்கு அவன் வாசிக்கவில்லை. வாசற்படியில் குந்தியிருந்தான், மனம் விட்டுப்போயிற்று. ரவிகுமாரே வந்து எடுத்துப் போகட்டும், சின்னப் பிள்ளையாவது உருப்படியாய்ப் படிக்கட்டும் என்று ஒரு தரம் நினைத்தான். ஆனாலும் கொடுக்க மனமில்லை. அதுதான் உண்மை.

திங்கட்கிழமை, கட்டுகஸ்தோட்டைப் பேரரங்கிலே, விடை தானாக வந்து நின்றது. அக்குறணை பஸ் உள்ளே வந்து ஆட்களை இறக்கும் வரைக்கும் மாத்தளை பஸ்ஸை வெளியே விடாமல் அவன் கையைக் குறுக்கே நீட்டி நின்றான். அது இறக்கி முடிந்ததும், "ஹரி," என்று தலையாட்டி விசிலை ஊதினான். டிரைவர்மார் எந்த ஊராயினும் எந்தப் பாஷையாயினும் சிங்களத்தில் 'சரி' என்று பொருள்படும் அந்த ஒரு 'ஹரி'க்குக் கட்டுப்படுவார்கள். மாத்தளை பஸ் போனது. ஊதிய விசில் வாயிலேயே இருக்க, வீரன் தூணடியில் சிலையானான். இரண்டு பஸ் முட்டாமல் போகத் தினமும் பார்த்துக்கொள்பவன், தன்னுடைய இரண்டு கைகளையும் இத்தனை நாள் விசில் இல்லாமல் ஓடவிட்டிருக்கிறான். வலக்கை வேறு, இடக்கை வேறு, இரண்டையும் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. நடுவில் நின்று அனுப்ப வேண்டும்.

அன்று மாலை முதல் அந்த வீட்டில் புதுச் சட்டம் அமுலுக்கு வந்தது. இடக்கை தண்ணீரில் இறங்கி அமரும் வரை வலக்கைக்கு 'ஹரி' கிடையாது. பிந்தினால் பிந்தட்டும். ஏறியாச்சா? ஹரி. இறங்கியாச்சா? ஹரி. பக்கத்து அறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த பரிமளம், தன் புருஷன் கீபோட்டுக்கும் டியூட்டி போட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் குஞ்சு நடக்கத் தொடங்கிவிட்டது. மெல்ல, மிக மெல்ல, கரை வரைக்கும். ரீச்சர் தண்ணீர் குடிக்கும் வரை கரையில் நின்று. பிறகு குதித்து மறுகரை வரைக்கும். வீடியோ ஓட ஓட, குருவோடு கூடவே, குருவின் சொற்களையும் வாய்க்குள் முணுமுணுத்தபடி, வீரன் வாசித்தான். அந்த முணுமுணுப்பு அவன் அறியாமலே அவனுக்குள் குடியேறிவிட்டதைத் தரிப்பிடத்தில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். நேரத்துக்கு முன்பே வண்டியை எடுக்கப் பார்த்த ஒரு பஸ்ஸைக் கைகாட்டி மறித்து, "அவசரப்படாதேங்கோ, பொறுங்கோ," என்றான் ராஜலிங்கம். படியில் தொங்கிய கொண்டக்டர் ருஷ்தி குனிந்து அவன் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணன், நீங்க எப்ப யாழ்ப்பாணம் போன?"

அப்படியாக அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மழை விட்ட பின்னேரம். சரிவின் கீழிருந்து ஒரு த்ரீவீல் முக்கி முனகி ஏறிவந்து நிற்க, அதிலிருந்து நைலோன் கயிற்றுச் சுருளும் பழைய போர்வையும் ஏந்திய கைகளோடு இறங்கினான் ரவிகுமார். கெட்டவன் அல்ல, காவியத்துக்கு எதிரி வேண்டும் என்பதற்காக நாம் அவனைக் கரிய நிறத்தில் தீட்டப் போவதில்லை. அக்காள் வரச் சொன்னாள், வந்தான். நடந்த கதையைக் கேட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தான். போர்வையை மடியில் வைத்துக்கொண்டான்.

ராஜலிங்கம் போனைப் பால்மா டின்னில் சாய்த்தான். அப்போதுதான் எதிர்பாராத அம்பு வந்து தைத்தது.

"மச்சான், போன நிப்பாட்டிட்டு வாசிங்க. எது அவங்க வாசிக்கிறது, எது நீங்க வாசிக்கிறதுன்னு எங்களுக்குத் தெரிய வேணாமா."

நியாயமான கேள்வி. ஆனால் போன் இல்லாமல் அந்த வீரன் ஒருநாளும் வாசித்ததில்லை. பரிமளத்தைப் பார்த்தான், அவள் வாசல் நிலையில் சாய்ந்து, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி நின்றாள். போனைக் குப்புறக் கவிழ்த்தான். வேட்டியில் கையைத் துடைத்தான்.

அப்பொழுது, ஆன்றோரே, கேளுங்கள். வலக்கைப் பெருவிரல் மத்தியக் கட்டையில் கால் பதித்தது. இடக்கை தன் இரு கட்டைகளில் இறங்கி அமர்ந்தது. உள்ளுக்குள் ஒரு குரல் 'ஹரி' என்றது. தாராக்குஞ்சு நடந்தது. மோதிரவிரல், சோம்பேறிகளின் தலைவன், துணையில்லாமல் தன்னந்தனியாய் எழுந்து நின்று தன் சுரத்தைச் சொன்னான். பெருவிரல் சுரங்கத்துள் நுழைந்து சத்தமில்லாமல் மறுபக்கம் வந்தான். ஒன்றன்பின் ஒன்றாய், முட்டாமல் மோதாமல், இரண்டு வண்டிகள் ஒரு தரிப்பிடத்தை விட்டுக் கிளம்பிப் போயின. ரவிகுமாரின் கால் அவனை அறியாமல் தாளம் போடத் தொடங்கியது. குஞ்சு நடந்தது, நடந்தது, கரைக்கு வந்தது.

வந்து நின்றது.

ராஜலிங்கத்தின் இரு கைகளும் கட்டைகளை விட்டு எழும்பிக் காற்றில் நின்றன. அவன் வாய் திறந்தது. மலைநாட்டில் பிறந்து மலைநாட்டிலேயே வளர்ந்த அந்த வாயிலிருந்து, கடல் கடந்த குரல், தெளிவாகவும் அன்பாகவும் வெளிப்பட்டது.

"கொஞ்சம் பொறுங்கோ பிள்ளையள், தொண்டை காயுது. ஒரு மிடறு தண்ணி குடிச்சிட்டு வாறன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. நின்றுவிட்டான். நடுவில் நிற்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை, நின்றேவிட்டான். கையைக் கீழே இறக்கித் தொடர்ந்தால் போதும்; ஆனால் அந்தக் கைகளுக்குத் தொடரத் தெரியவில்லை. கிளாஸ் வைக்கும் சத்தம் கேட்காமல் அவை எந்நாளும் இறங்கியதில்லை. காது மடல் சிவந்து, கண் கலங்கி, காற்றில் தூக்கிய இரு கைகளோடு, தரிப்பிடங்களின் தலைவன் தன் மேசையருகே தனியே நின்றுபோனான்.

ரவிகுமார் ஒரு கணம் பார்த்தான். பிறகு அனுதாபத்தோடுதான், ஆனாலும் எழுந்தான். போர்வையை உதறி விரித்தான்.

"ஒக்காரு தம்பி," என்றாள் பரிமளம்.

"நிப்பாட்டிட்டாரு, அக்கா."

"நிப்பாட்டல. அந்த எடத்துல தண்ணி குடிக்கணும். பாட்டே அப்பிடித்தான்." அவள் குரலில் துளி சிரிப்பில்லை. "ஒரு மாசமா நானும் கேக்குறேன். கரைக்கு வந்ததும் அந்த டீச்சரம்மா தண்ணி குடிக்கும். நானும் அந்த எடம் வந்தா மெஷின நிப்பாட்டிட்டு நூல அறுப்பேன். இனிமேத்தான் அது கொளத்துல குதிக்கும். நீ ஒக்காரு, நல்லா இருக்கும்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். செம்பிலிருந்து கிளாஸில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வந்து, கணவனின் பக்கத்தில், கீபோட்டின் ஓரத்தில், 'ணங்'கென்று அந்தக் கிளாஸை வைத்தாள்.

"குடிச்சிட்டு வாசிங்க."

அவன் குடித்தான். ஒரு மிடறுதான் இறங்கிற்று. இத்தனை நாளும் அந்தச் சுவருக்கு அப்பால் மெஷின் மட்டுந்தான் ஓடுகிறது என்று நினைத்திருந்தான். அவன் தடுக்கி விழுந்த ஒவ்வொரு தடவையும் அங்கே ஒருத்தி எண்ணாமலே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்; பாட்டு அவளுக்கும் பாடமாகிவிட்டிருக்கிறது. இது அவனுக்கு மேசையை விடப் பெரிதாய் இருந்தது.

"ம், வந்திட்டன்," என்றான். அதையும் சொல்லாவிட்டால் கைகள் அசையாது. "இனிக் குதிப்பம்."

குதித்தது. பிற்பாதியின் வேகத்தில் இரண்டு கட்டை பிசகியது. நாம் மறைக்கவில்லை, காவியமும் மெய்யுரைக்க வேண்டும். ஆனாலும் குஞ்சு மூழ்கவில்லை. தண்ணீர் தாங்கிக்கொண்டது. வலமும் இடமும் மாறிமாறி, ஏறி இறங்கி, கடைசி வளைவில் சற்றுத் தயங்கி, 'ஹரி' பெற்று, மறுகரை சேர்ந்து, இரு கைகளும் ஒன்றாய் அமர்ந்தன. கடைசிச் சுரம் கரைந்தது. அதற்குப் பிறகு அந்த அமைதி வந்தது. ராஜலிங்கம் அதை முழுவதுமாய் இருந்து கேட்டான். யாரும் எங்கும் கிளம்பிப் போகவில்லை.

பரிமளம்தான் முதலில் வாய் திறந்தாள். "மேசைய ஜன்னல் பக்கம் தள்ளினா அந்தப் பாதில நான் வெட்டிக்கலாம். தம்பி, ஒரு கை பிடி." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "பிள்ளைக்கு இன்னும் நாலு வயசு கூட ஆகல. வளரட்டும், வேற ஒண்ணு பாப்போம்," என்றாள்.

ரவிகுமார் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு மேசையைப் பிடித்தான். "மச்சான், அந்தத் தண்ணி குடிக்கிற எடந்தான் நல்லா இருந்துச்சு," என்றான்.

அவ்வாறு, மலைகள் சாட்சியாக, மழை விட்ட வானம் குடையாக, வனசேனையின் ஒற்றர்கள் கூரைமேல் அமர்ந்து செவிமடுக்க, ஐவிரற் சேனைகள் இரண்டும் பகைமறந்து ஒன்றுகூட, காலக்காவலன், கரைகண்ட கலைஞன், தாராக்குஞ்சின் தனிப்பெருந்துணைவன், ராஜலிங்கப் பெருந்தகை தன் மேசையின் பாதியையும், கீபோட்டின் முழுமையையும், மனைவியின் மதிப்பில் இதுவரை எட்டாதிருந்த உயரத்தையும் ஒருங்கே வென்று, விசிலும் ஊதாமல் வெற்றி முரசும் கொட்டாமல் வீற்றிருக்க, திசையெட்டும் அவன் புகழ் பரவப் புறப்பட்டு வாசல்வரை வந்து நின்றது.

ரவிகுமார் அக்காள் கொடுத்த பலாக்காயைப் போர்வையில் சுற்றி த்ரீவீலில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.